வடம் பிடிக்காத வருஷம்

இந்தக் கதையைப் பல வருஷங்களாக நான் சந்தேகித்து வந்திருக்கிறேன். நம்பவில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. நாலு பேரோடு இருக்கும்போது நம்பாமலும், பஸ்ஸில் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருக்கும்போது நம்பியும், இறங்கியதும் நம்பியதற்காக என்னையே கடிந்துகொண்டும் வந்திருக்கிறேன். இதை எனக்குச் சொன்னவர் பொய் சொல்லத் தெரியாதவர் என்பதுதான் சிக்கல்.

அவர் பெயர் செண்பகவடிவு. என் அப்பா பக்கவாதம் வந்து மதுரையில் ஒரு மருத்துவமனையில் கிடந்தபோது அந்த வார்டில் நர்ஸாக இருந்தார். அப்பா கனத்த சரீரம். படுக்கைப்புண் வராமல் இருக்க அடிக்கடி அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நான் தோளைப் பிடித்து இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வடிவு சிஸ்டர் வந்து என்னை விலகச் சொன்னார்.

"இழுக்காதீங்க சார். இழுத்தா எந்த உடம்பும் வராது. நீங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க, அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. உடம்பு தானா உங்க பக்கம் சாயும்."

நான் கூப்பிட்டேன். அவர் இடுப்புக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்து, மறு கையால் முழங்காலை மடக்கி, ஒரு பெரிய குழந்தையைத் திருப்புவதுபோல அப்பாவைத் திருப்பிவிட்டார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"எங்க அம்மாகிட்ட."

"அம்மாவும் நர்ஸா?"

"இல்ல சார்," என்றார். "எங்க அம்மாவைத் திருப்பித் திருப்பித்தான் பழகினேன்."

பிறகு வந்த மத்தியானங்களில், அப்பா தூங்கும் நேரமாகப் பார்த்து, இதைச் சிறிது சிறிதாகச் சொன்னார். ஊர்ப் பெயரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தாமிரபரணிக்கு வடக்கே, நான்கு ரத வீதிகளும் ஒரு அம்மன் கோயிலும் உள்ள சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கு ரத வீதியில், தேர் நிற்கும் நிலையைத் தாண்டியதும் ஒரு சந்து பிரியும். அதன் கடைசியில் முன்பு ஒரு சினிமாக் கொட்டகை இருந்ததால் கொட்டகைச் சந்து என்று பெயர்.

வடிவின் அம்மா ஆவுடைத்தாய் அந்தக் கொட்டகையில் பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுத்தவள். சுவரில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஊர்ப் பெண்களுக்கு அவளுடைய வளையல் கையும், "தள்ளாதீய, படம் எங்கயும் ஓடிராது" என்ற குரலும்தான் பழக்கம். அவள் உடம்பு ஏன் அப்படிப் பெருத்தது என்று வடிவு சொல்லவில்லை. இளையவன் கொம்பையா பிறந்த பிறகு என்பார்கள் சிலர், கேரளாவுக்கு மரம் அறுக்கப் போன கணவன் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்ட பிறகு என்பார்கள் சிலர், திருநெல்வேலி டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து ஏதோ சுரப்பியின் பெயர் சொன்னார். எப்படியோ, முதலில் டிக்கெட் அறையின் கதவு அவளுக்குப் போதாமல் போயிற்று, பிறகு சந்து நீளமாகிப் போயிற்று, பிறகு வாசல்படி உயரமாகிப் போயிற்று, கடைசியில் கட்டில் மட்டும் மிஞ்சியது. கட்டிலின் கால்கள் ஒவ்வொன்றாக முறிந்தபோது அந்த இடத்தில் சிமெண்டுக் கல்லை வைத்தார்கள்.

பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் ஓடுகிற பிள்ளைகள் ஆனார்கள். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, மடிப்பு மடிப்பாகத் துடைத்து, ஈரம் காய விசிறி, பவுடர் போட்டு, மடிப்புக்கு நடுவே தோல் உரசாமல் இருக்கப் பழைய வேட்டிக் கிழிசலை மடித்து வைத்து, ஆசாரி நடுவில் ஓட்டை போட்டுக் கொடுத்த பெஞ்சுக்கு அவளை நகர்த்த வடிவு முன்னாலும் கொம்பையா பின்னாலும் நின்று, இதெல்லாம் முடிந்த பிறகுதான் வீட்டுப்பாடம். டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அம்மாவுக்குப் பசித்தது. பசிக்கிறவளுக்குப் போடாமல் இருப்பதும் பாவம், போடுவதும் பாவம் என்ற இடத்தில் வடிவு அந்த வயதில் கரண்டியோடு நின்றாள்.

எதிர்வீட்டு இட்லிக்கடைப் பிச்சம்மாள் ஒரு நாள், "பெத்தவ பசின்னு கேக்கா, ஒரு வாய் சோத்துக்கு அளவு பாக்கியாட்டி பாவி?" என்பாள். அதே பிச்சம்மாள் அதே வாரத்தில், "நீ போட்டுப் போட்டுத்தானட்டி அவ இப்பிடி ஆயிட்டா" என்பாள். இரண்டுக்கும் வடிவு தலையாட்டுவாள்.

ஆவுடைத்தாய் அழுது யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் மூச்சுமுட்டத் திருப்பும்போது, "எய்யா கொம்பையா, என்னையப் பொரட்டுததுக்குப் பதிலா இந்த வீட்டப் பொரட்டிப் பாரேன், லேசா இருக்கும்" என்பாள். அவன் சிரித்துக் கையை விட்டுவிடுவான், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், சந்து முனையில் நின்ற தள்ளுவண்டியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் விழுந்து, சந்து முழுவதும் நிதானமாக உருண்டு, ஆவுடைத்தாயின் வீட்டு வாசல்படியில் வந்து இடித்து நின்றது. வண்டிக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் ஒரு ரப்பர் பந்து வந்தது. சாயங்காலம் கோலிக்குண்டுகள் வந்தன. அடுத்த வாரம் தெற்கு ரத வீதியிலிருந்து ஒரு சைக்கிள் டயர் திருப்பத்தில் தானே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு, அந்த ஊரில் உருளக்கூடிய எதைக் கீழே விட்டாலும் அது ஆவுடைத்தாய் இருக்கும் பக்கமே போயிற்று.

பஞ்சாயத்து ஓவர்சியர் வந்து சந்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி சரியாக நடுவில் நின்றது. பக்கத்திலேயே எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தார். உருண்டது. குமிழியை ஒரு தடவையும் பழத்தை ஒரு தடவையும் பார்த்துவிட்டு, "ரெண்டும் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி டீ குடிக்கப் போனார்.

டீக்கடையில் அதற்குள் கிளாஸை விளிம்பு வரை ஊற்றுவதை நிறுத்தியிருந்தார்கள், ஏனென்றால் டீ ஒரு பக்கமாக ஏறி நின்றது. பையன்கள் கோலிக்குழியைக் குண்டு போகிற வழிக்குக் குறுக்கே தோண்டி, அடிக்காமலே விழுகிற குண்டு செல்லாது என்று புதுச் சட்டம் வைத்துக்கொண்டார்கள். தொட்டில் கட்டிய வீடுகளில் தொட்டிலை மறுபக்கம் இழுத்துக் கட்ட ஒரு கயிறு கூடுதலாகத் தேவைப்பட்டது. சைக்கிளில் வருகிறவர்கள் மிதிக்காமல் வந்தார்கள், போகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். மழைத் தண்ணீர் முழுவதும் அந்த வாசலுக்கே வந்ததால் சந்துக்காரர்கள் சேர்ந்து மணல் மூட்டை அடுக்கிக் கொடுத்தார்கள், மூட்டையைத் தாண்டி வந்ததை வடிவு வாளியால் இறைத்தாள். கொஞ்ச நாளில் ஊரில் யாரும் கிழக்கு மேற்கு என்று சொல்வதில்லை, ஆவுடை பக்கம், எதிர்ப்பக்கம் என்றே வழி சொன்னார்கள். முழங்கால் வலிக்காரக் கிழவர்கள் சாயங்காலம் நடக்கக் கிளம்பினால் சிரமமே இல்லாமல் சந்துக்கு வந்து சேர்ந்தார்கள். திரும்பிப் போகத்தான் யாராவது வந்து கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

இதில் ஆவுடைத்தாய்க்கு ஒரு சந்தோஷம் இருந்தது. யாரும் எட்டிப் பார்க்காத வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். தொலைத்த பொருளைத் தேடி வருகிறவர்களுக்கு வடிவு வாசலிலேயே எடுத்துக் கொடுப்பதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஆருட்டி அது? உள்ள வரச் சொல்லு. பந்து வேணும்னா மொகத்தக் காட்டி வாங்கிட்டுப் போட்டும்."

பையன்கள் பயந்து பயந்து உள்ளே வருவார்கள். அவள் கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டி, டிக்கெட் கொடுத்த அதே கையால், பந்தைக் கொடுப்பாள். "நீ கொல்லர் வீட்டுப் பயலாலே? ஒங்கம்மா முன்னால தர டிக்கெட்டுக்குச் சண்ட போடுவா, சொல்லு நான் கேட்டேன்னு." பையன்கள் வெளியே வந்து சிரிப்பார்கள், அடுத்த நாள் வேண்டுமென்றே பந்தைத் தவற விடுவார்கள்.

ஊருக்குச் சாய்வு ஊர் எல்லையோடு நின்றது. பிள்ளைகளுக்கு அப்படி நிற்கவில்லை. இதைச் சொல்லும்போது வடிவு சிஸ்டர் என் அப்பாவின் மாத்திரைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. வகுப்பில் பென்சிலை எப்படி வைத்தாலும் அது வீட்டுப் பக்கமாக உருண்டு விழுமாம். பள்ளிக்கூடத்திலிருந்து திருச்செந்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனபோது மற்றப் பிள்ளைகள் அலையில் ஆடிக்கொண்டிருக்க, கடல் மேற்கே கொஞ்சம் சாய்ந்திருப்பதை அவள் ஒருத்தி மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாளாம். தூங்கி எழும்போது அக்காவும் தம்பியும் பாயை விட்டு உருண்டு அம்மாவின் கட்டிலுக்கு அடியில், சிமெண்டுக் கல்லை ஒட்டிக் கிடப்பார்களாம்.

நாகர்கோவிலில் ஒரு நர்ஸிங் பள்ளியில் வடிவுக்கு இடம் கிடைத்தது. அவள் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். கொம்பையா வளர்ந்திருந்தான், பார்த்துக்கொள்கிறேன் என்றான். ஆவுடைத்தாய், "போட்டி. நான் என்ன, எந்திரிச்சு ஓடியா போயிருவேன்?" என்றாள்.

தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். சந்து முனைக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. ரத வீதியில் கெண்டைக்கால்கள் நடுங்கின. மலை ஏறுகிறவள்போலக் குனிந்து, வீட்டுச் சுவர்களையும் விளக்குக் கம்பங்களையும் பிடித்துப் பிடித்து, பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டாள். பஸ்ஸும் வந்தது.

"ஏறு தாயி, நேரமாவுது" என்றார் கண்டக்டர்.

காலைத் தூக்கினாள். கால் படிக்கு வரவில்லை. கம்பியைப் பிடிக்கப் பெட்டியைக் கீழே வைத்தாள். பெட்டி அவளைத் திரும்பிப் பார்க்காமல், புழுதியில் சரசரவென்று இழுத்துக்கொண்டு, வந்த வழியே வீட்டுக்குப் போனது. அவள் அதன் பின்னால் போனாள். போவதற்கு எந்தச் சிரமமும் இல்லை. சித்திரையில் ஊர்த் தேரோட்டம் முடியும் வரை இடத்தை வைத்திருப்பதாகப் பள்ளியில் தகவல் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு இல்லை.

அந்தத் தேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய தேர். வடம் பிடிக்க ஆள் குறைந்துபோய், ஒவ்வொரு வருஷமும் வடக்கு வீதியில் நின்றுவிடும், அசைய மாட்டேன் என்று நாள்கணக்கில் அடம்பிடிக்கும். அந்த ஊரில் தேரை நிறுத்துவதற்கு ஒரு முறை உண்டு. முட்டுக்கட்டை போடுகிறவர்களில் மூத்தவரான உய்க்காட்டான் தேருக்கு முன்னால் நின்று சிவப்புத் துண்டைத் தூக்கிக் காட்டுவார், வடம் பிடித்த எல்லோரும் ஒரே நேரத்தில் வடத்தைக் கீழே விட்டுவிடுவார்கள். இழுக்கிற கை விட்டுவிட்டால் தேர் தானாகத் தயங்கும். தயங்கிய சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுப்பது சும்மா ஒரு மரியாதைக்குத்தான். ஓடுகிற தேரைக் கட்டை போட்டு நிறுத்தி அங்கே யாருக்கும் பழக்கம் இல்லை.

அந்த வருஷம் யோசனை கோயில் தர்மகர்த்தாவுக்கு வந்தது. ஆவுடைத்தாயை ஒரு டிராக்டர் வண்டியில் ஏற்றித் தேருக்கு முன்னால் கொண்டுபோனால், யாரும் இழுக்காமலே தேர் பின்னால் வந்துவிடுமே என்றார். ஊருக்கு அது மிகவும் சரியாகப் பட்டது. இத்தனை நாளும் இது ஏன் தோன்றவில்லை என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டார்கள். தர்மகர்த்தா வீட்டுக்கே வந்து, மணல் மூட்டையைத் தாண்டி உள்ளே நுழைந்து, கட்டிலுக்கு எதிரில் நின்றார்.

"தாயி, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

"இத்தன வருசமா அதத்தானய்யா செய்யுதேன்" என்றாள் ஆவுடைத்தாய்.

அவள் சம்மதித்ததற்குக் காரணம், ரத வீதியைப் பார்த்து வெகுகாலமாகியிருந்தது, அவ்வளவுதான் என்றார் வடிவு சிஸ்டர். தையல்காரர் இரண்டு பட்டுப்புடவைகளை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். தேரன்று காலையில் நிலைப்படியைப் பெயர்த்தார்கள். தூக்க வந்த ஆண்களிடம் வடிவு, "இழுக்காதீய மாமா, இழுத்தா வராது" என்று சொல்லி, எங்கே கை கொடுக்க வேண்டும், எங்கே தோல் இளகியிருக்கிறது, எங்கே தொட்டால் வலிக்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். வண்டியில் மெத்தை போட்டு, முதுகுக்கு நெல் மூட்டைகள் அணை கொடுத்து உட்காரவைத்தார்கள். டயர்கள் பிதுங்கின. கொம்பையா, அம்மா திரும்பி வரும்போது கட்டில் தயாராக இருக்க வேண்டும் என்று, கல் அடுக்க வீட்டிலேயே தங்கினான். வடிவு தண்ணீர்ச் செம்போடு வண்டியை ஒட்டி நடந்தாள்.

வண்டி நகர்ந்தது. தேர் ஒருமுறை முனகியது, பின்னால் வந்தது.

வடங்கள் இரண்டையும் சுருட்டித் தேரின் மேலேயே வைத்துவிட்டார்கள். கூட்டம் இருபுறமும் நடந்தது. வெறுங்கையோடு தேருக்கு முன்னால் எப்படி நடப்பது என்று தெரியாமல் சிலர் கையைக் கட்டிக்கொண்டார்கள், சிலர் பின்னால் கோத்துக்கொண்டார்கள், சிலர் பழக்கதோஷத்தில் இல்லாத வடத்தைப் பிடித்தபடியே நடந்தார்கள். தேரில் தொங்கிய எலுமிச்சை மாலைகளும் மணிகளும் நேராகத் தொங்காமல் முன்பக்கம் நீட்டிக்கொண்டு வந்தன. ஆவுடைத்தாய் முதலில் முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். மேல வீதி திரும்பியதும் முந்தானையை எடுத்தாள். "ஏ பச்சப் பந்து! மீச மொளச்சிருச்சாலே ஒனக்கு?" என்று, எப்போதோ பச்சைப் பந்தைத் தேடி வீட்டுக்கு வந்த ஒருவனைக் கூட்டத்தில் பார்த்துக் கூப்பிட்டாள். "பிச்சம்மா, ஓடியா, ஒன் இட்லிச் சட்டி மூடி உருண்டு வந்துச்சே, அத இன்னும் நீ வாங்கிட்டுப் போவல!" ஜனம் சிரித்தது. குழந்தைகளை அவளிடம் தூக்கிக் காட்டினார்கள். வடக்கு வீதியில் தேர் ஒரு கணம்கூட நிற்கவில்லை. அவள் சிரித்ததில் வண்டி குலுங்கியது, வண்டி குலுங்கியதில் தேர் குலுங்கியது. அம்மா அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் தான் பார்த்ததில்லை என்றார் வடிவு சிஸ்டர்.

தெற்கு வீதிக்கு வந்தார்கள். வண்டி நிலையைத் தாண்டிச் சந்துக்குள் திரும்ப வேண்டும், தேர் நிலையில் நிற்க வேண்டும். உய்க்காட்டான் சிவப்புத் துண்டைத் தூக்கினார்.

யாரிடமும் விடுவதற்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். தேர் நிலையைத் தாண்டி வந்தது.

சந்து முனையில் சாக்கடை மூடியிருந்த கல்பலகை டிராக்டர் வண்டியின் பாரத்தில் உடைந்து, ஒரு சக்கரம் உள்ளே இறங்கியது. எஞ்சின் உறுமியது, நின்றது. ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்தார், குதித்து ஓடினார். கட்டை போடுகிறவர்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வண்டியில் ஆவுடைத்தாய் தேரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், உட்கார்ந்திருப்பதைத் தவிர அவளால் வேறெதுவும் செய்ய முடியாது. தேருக்கும் வண்டிக்கும் நடுவே வடிவு மட்டும் நின்றாள். காலடியில் ஒரு முட்டுக்கட்டை கிடந்தது.

"எடுத்தேன் சார். கட்டையைப் போட்டேன். தேர் நின்னிருச்சு."

இந்த இடத்தில் அவர் ஒவ்வொரு முறையும் இதே மூன்று வாக்கியங்களைத்தான் சொன்னார். வேறு எதைக் கேட்டாலும் விரிவாகச் சொல்கிறவர் இதை மட்டும் விரிக்கவில்லை. அம்மன் நிறுத்தினாள் என்றது ஊர். எலுமிச்சை மாலைகள் ஆடி ஆடி நேராகத் தொங்கின. அன்றோடு சாய்வு போய்விட்டது.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. சில நாள் எல்லோரும் தடுமாறினார்கள். கிழவர்கள் பழைய ஞாபகத்தில் சந்துப் பக்கம் சாய்ந்து நின்று விழுந்தார்கள். கோலிக்குழிகளை இடம் மாற்றித் தோண்டினார்கள், தொட்டிலின் கூடுதல் கயிற்றை அவிழ்த்துத் துணி காயப்போடக் கட்டிக்கொண்டார்கள். டீ மறுபடி கிளாஸின் விளிம்புக்கு வந்தது. ஆவுடைத்தாயின் உடம்பு மட்டும் இருந்தபடியே இருந்தது. அதே மடிப்புகள், அதே துணி, அதே பவுடர், அதே பெஞ்சு. வாசலுக்கு எதுவும் உருண்டு வரவில்லை, அதனால் யாரும் வரவில்லை. "பந்து ஒண்ணும் வரலையாட்டி?" என்று சாயங்காலங்களில் கேட்பாளாம்.

வடிவு நாகர்கோவிலுக்குக் கிளம்பிய அன்று அம்மா ஒரு எலுமிச்சம்பழம் கேட்டாள். கட்டிலிலிருந்து குனிய முடியாததால் கொம்பையாவைத் தரையில் வைக்கச் சொன்னாள். பழம் வைத்த இடத்திலேயே இருந்தது.

"பாத்தியா, நிக்கு. நீ போ" என்றாள். பிறகு, "இத எடுத்துக்க, பஸ்ல கொமட்டும்" என்றாள்.

வடிவு ஏறுவதற்குத் தயாராகக் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசல்படியைத் தாண்டினாள். ஏற வேண்டிய மேடு அங்கே இல்லாததால் முகம் குப்புற விழப் பார்த்தாள். பஸ் நிற்கும் இடம் இவ்வளவு பக்கமா என்று இருந்ததாம்.

அவர் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, அடைமழைக் காலத்தில் ஆவுடைத்தாய் இறந்தாள். தகவல் கிடைத்து வடிவு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வெளியே எடுப்பதற்காக முன்சுவரை இடித்திருந்தார்கள். வீடு சந்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது, உள்ளே கட்டில் மேல் மழை பெய்துகொண்டிருந்தது. கொம்பையா சுவர் இடித்த செங்கற்களை ஒரு ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன் சார்," என்றார். "ரோடு தட்டையா இருந்துச்சு. சாய்வு இருந்திருந்தா சீக்கிரமா வந்திருப்பேன்."

என் அப்பா அந்த வார்டிலேயே இறந்தார். காரியங்கள் முடிந்த பிறகு, துக்கத்தில் வேறு வேலை செய்யப் பிடிக்காமல், நான் அந்த ஊருக்குப் போனேன். என் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளப் போனேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். கதை பொய் என்று தெரிந்தால் எனக்கு என்ன நிம்மதி கிடைக்கும் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. சந்து இருந்தது. ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி நடுவில் வைத்துப் பார்த்தேன், சும்மா இருந்தது. என்னைக் கடந்துபோன ஒரு பெண், "பழத்த எடுங்க, வண்டி ஏத்திருவான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேர்க் கொட்டகை நிழலில் உய்க்காட்டான் உட்கார்ந்திருந்தார். மிகவும் வயதாகியிருந்தது. கண்ணில் பூ விழுந்திருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தது. வடம் பிடிக்காத வருஷத்தைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பெண் எந்தச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தாள் என்று கேட்டேன்.

"கட்டையா? அது எங் கட்டைலா. நான் கீழ எறிஞ்சிட்டு ஓடுனவன், திரும்பிப் பாக்கேன், அந்தப் பிள்ள அதத் தூக்கி இடுப்புல வச்சிட்டு நிக்கு, கைப்பிள்ளய இடுக்குன மாதிரி. நான் கத்துதேன், 'போடுட்டி! போட்டுட்டு வெலகுட்டி!'ன்னு. அது போடவும் இல்ல, வெலகவும் இல்ல. நிக்கு."

"பிறகு போட்டாளா?"

"எங்க போட்டா? தேரு நின்னப்புறம் நாந்தானய்யா போயி அது கையில இருந்து புடுங்குனேன். வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தேன். சக்கரத்துக்கும் கட்டைக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்படியானால் தேர் எப்படி நின்றது?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஊருத் தேரு, இழுக்கவுக விட்டாத்தான் நிக்கும். ஆரோ விட்டிருக்காவ" என்றார்.

அந்த வருஷம் தேரை இழுத்தவள் ஒருத்திதான். இதை மனதில் வைத்துக்கொண்டு நான் எத்தனையோ வருஷம் இருந்தேன். உய்க்காட்டானுக்குக் கண் சரியில்லை, கிழவர் பேச்சு என்று ஒதுக்கினேன். கண் அப்போது நன்றாகத்தானே இருந்திருக்கும் என்று மறுபடி எடுத்தேன். அந்தப் பெண் பயத்தில் உறைந்துபோய் நின்றிருக்கலாம், அந்த வயதில் யாருக்கும் அப்படித்தான் ஆகும். அப்படி இல்லாமலும் இருக்கலாம். அவளுக்குப் பின்னால் அம்மா, முன்னால் தேர், தேரோட்டம் முடியும் வரை மட்டும் நாகர்கோவிலில் காத்திருக்கும் ஒரு இடம், கையில் ஒரு கட்டை. பிறருடைய நிற்றலை நான் எப்படி அளப்பது? என் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற நேரங்களில் என் மனதில் என்னென்ன போயிற்று என்று யாராவது கேட்டால் நானும் மூன்று வாக்கியங்களில்தான் சொல்லுவேன்.

போன மாசம் வடிவு சிஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மதுரையில் புது வாடகை வீட்டுக்குக் குடிபோயிருப்பதாகச் சொன்னார், பார்க்கப் போனேன். கொம்பையா பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தார். வீட்டில் இன்னும் ஒன்றும் பிரிக்கவில்லை. எனக்குக் காபி கொடுத்துவிட்டு, சிஸ்டர் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, கூடத்தின் நடுவில், வெறும் தரையில் வைத்தார். புது இடம் எதற்குப் போனாலும் அவர் இதைச் செய்வாராம். வேலை பார்த்த ஆஸ்பத்திரிகளில், தங்கிய விடுதிகளில், கொம்பையாவின் கல்யாண மண்டபத்தில், எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்திருக்கிறாராம்.

"ஒரு தடவைகூட அசையல சார்" என்றார்.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே லாரி போய் ஜன்னல் அதிர்ந்தபோதுகூட அது இருந்த இடத்தில் இருந்தது. அவர் அதன் எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தார், ஒரு கை லேசாக முன்னே நீண்டு, எதையோ வாங்கிக்கொள்வதற்குத் தயாராக இருந்தது. காபி ஆறிப்போயிற்று. அப்போதுதான், இத்தனை வருஷம் வாயில் வைத்திருந்ததை, அதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமலேயே, கேட்டேன்.

"சிஸ்டர், அன்னைக்கு நீங்க கட்டையைக் கையில வச்சுக்கிட்டுப் போடாம நின்னீங்களே, வண்டி மேல இருந்து அம்மா உங்களைப் பார்த்தாங்களா?"